மாட்டுப் பட்டியில் நடந்த சங்கக் கூட்டம்

ஏரம்புவுக்கு ஊர்ச் சபை கொடுத்திருந்த வேலை, தெருவில் அவிழ்ந்து திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைப்பது. இருபது வருடங்களுக்கு மேலாக அந்த வேலையில் இருந்தும் அவர் ஒரு மாட்டைப் பிடித்து அடைத்ததாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அதற்காக அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். பொழுது விடியும்போதே தோளில் கயிறும் கையில் பூவரசங்கம்புமாகச் சைக்கிளில் ஏறிவிடுவார். யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போகும் குறுகிய ஒழுங்கைகளில் எங்கே ஒரு மாடு தனியே நின்றாலும், அது யாருடையது, எந்த வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தது, இன்றைக்கு முட்டுமா முட்டாதா என்பதெல்லாம் தூரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இறங்கிச் சைக்கிளை உருட்டியபடி, மாட்டோடு கதைத்துக் கதைத்து, அதன் வீட்டு வாசல் படலை வரைக்கும் கொண்டுபோய் விடுவார்.

"நல்லம்மாக்கா, உங்கடை கறுப்பி பள்ளிக்கூடத்தடியிலை நிண்டவள். ஒருக்கால் கட்டி வையுங்கோ."

"ஐயோ ஏரம்பண்ணை, உவளுக்கு நான் எத்தினை தரம் சொல்லுறது! இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

மறுநாளும் அதே கறுப்பி அதே பள்ளிக்கூடத்தடியில் நிற்கும். அதே படலையில் அதே தேத்தண்ணி கிடைக்கும். இப்படி நாலைந்து படலைகளில் வயிற்றை நிரப்பிக்கொண்டு அவர் சபைக்கு வந்து சேர்வார். அலுவலகத்துக்குப் பின்னால், பொறுப்பதிகாரியின் ஜன்னலுக்கு நேரே, பனங்குற்றி நட்டு அடைத்த மாட்டுப் பட்டி ஒன்று இருந்தது. அதற்குள் மாடு இல்லை. ஊழியர்களின் சைக்கிள்களும், அச்சு முறிந்த உழவு இயந்திரப் பெட்டி ஒன்றும்தான் கிடந்தன.

அந்தச் சபைக்கு அரசாங்கம் அவ்வப்போது பெயர் மாற்றிக்கொண்டிருந்தது. ஒருகாலம் கிராமசபை என்றார்கள், பிறகு மாவட்டத்தோடு சேர்த்து உப அலுவலகம் என்றார்கள். பலகையில் எழுத்துத்தான் மாறியது. ஊராருக்கு அது என்றைக்கும் சபைதான்.

அங்கே வேலை செய்தவர்களுக்கு ஒரு சங்கமும் இருந்தது. ஏரம்பு அதன் தலைவர். எப்படித் தலைவரானார் என்றால், தெரிவு நடந்த அன்று அவர் உடுவில் பக்கம் ஒரு நாம்பன் மாட்டைத் துரத்திக்கொண்டு போயிருந்தார். கூட்டத்தில் இருந்த எல்லோரும் தலைவர் பதவியைத் தங்களுக்கு வேண்டாம் என்று சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லாதவர் அங்கே இல்லாத ஏரம்பு ஒருவர்தான். பின்னேரம் வியர்க்க விறுவிறுக்க வந்தவருக்குச் சங்கதியைச் சொல்லிக் கைகொடுத்தார்கள். அவருடைய மனைவி சின்னத்தங்கம் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சங்கத்தின் உண்மையான உயிர் குணலட்சுமி. சபையின் இலவச மருந்தகத்தில் மருந்து இடித்துக் கொடுப்பவள். இருபத்தாறு வயது. தகப்பன் இல்லாத வீட்டில் தாயும் படிக்கிற இரண்டு தம்பிமாரும் அவளுடைய சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். செயலாளர் என்ற முறையில் வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகப் பின்வளவு வேப்பமரத்துக்குக் கீழே கூட்டம் வைப்பாள். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்து வைத்துக்கொண்டு எல்லோரும் சுற்றி இருப்பார்கள். அவள் பேசுவாள், மற்றவர்கள் மெல்லுவார்கள். ஏரம்பு தலைவர் என்பதால் நல்ல நிழலான இடம் அவருக்கு.

இந்தச் சீரில் எண்பத்துநாலாம் ஆண்டு தொடங்கியபோது புதுப் பொறுப்பதிகாரி வந்தார். பெயர் சிவசுப்பிரமணியம். முந்திய வருட ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடும் தளபாடமும் எரிந்துபோக, உடுத்த உடுப்போடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கிய மனிதர். மனைவி பிள்ளைகளைச் சாவகச்சேரியில் மைத்துனன் வீட்டில் விட்டுவிட்டு, இங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்து நின்றால் அவருக்குக் கைகால் நடுங்கும். ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தால் அன்பாகக் கதைப்பார். கூட்டமாகக் கண்டால் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

அப்படிப்பட்டவருடைய ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளிக்கிழமை, வாய்க்கால் துப்பரவு செய்கிறவர்களுக்குச் சப்பாத்து வேண்டும் என்று குணலட்சுமி பேசினாள். போத்தல் ஓடு குத்திக் கால் புண்ணான ஒருவர் எழுந்து காலைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் சிவசுப்பிரமணியத்தின் நெஞ்சில் வேறு எதையோ தட்டியிருக்க வேண்டும். அன்றைக்கே அறிவித்தல் ஒட்டிவிட்டார். அலுவலக வளவுக்குள் ஊழியர்கள் இனிமேல் கூடக் கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் குணலட்சுமி அதே மரத்துக்குக் கீழே பார்சலை அவிழ்த்தாள். அன்று பின்னேரமே அவளை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். வளவுக்குள் கால் வைக்கவும் கூடாது என்றார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஊழியர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இன்னும் இரண்டு கிழமைக்குள் சங்கத்தை விட்டு விலகிவிட்டதாக வந்து சொல்லும்படி பொறுப்பதிகாரி தன்மையாகப் புத்தி சொன்னார். இரண்டு பேர் விலகியும் விட்டார்கள். உழவு இயந்திரம் ஓட்டும் தேவராசா நாலு பிள்ளைக்காரன். அவன் உள்ளே போய் வந்த நாளிலிருந்து ஒருவருடைய முகத்தையும் நேரே பார்க்கவில்லை.

ஏரம்புவையும் கூப்பிட்டார்.

"நீர்தானே தலைவர்?"

"அப்பிடித்தான் சொல்லுகினம், சேர்."

"உமக்கு உது தேவையோ? ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கு. பேசாமல் மாட்டைப் பாத்துக்கொண்டு இரும்."

உண்மையைச் சொன்னால், அந்தப் புத்திமதி ஏரம்புவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அந்தப் பதவி அவர் கேட்டு வந்ததா என்ன? ஆனால் வெளியே வரும்போது மருந்தகம் பூட்டிக் கிடந்தது. இருமல் மருந்துக்கு வந்த கிழவர் ஒருவர் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். குணலட்சுமியின் தம்பிமார் இந்த மாதம் என்ன சாப்பிடுவார்கள் என்ற நினைப்பு ஏரம்புவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. மாட்டைப் படலையில் விட்டுவிட்டு வருவதுபோல அந்தப் பெட்டையை அவளுடைய வீட்டுப் படலையில் விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று அவருக்குப் பட்டது.

அன்று பின்னேரம் குணலட்சுமி வீட்டு முற்றத்தில் மிஞ்சியிருந்தவர்கள் கூடினார்கள். தேவராசாவும் வந்து ஒரு மூலையில் குந்தியிருந்தான். வேலைநிறுத்தம் செய்வோம் என்று ஒருவர் சொன்னார். அவசரகாலச் சட்டம் நடக்கும்போது வேலைநிறுத்தம் என்றால் எல்லோரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பொறுப்பதிகாரிக்குப் பாயாசம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றாள் குணலட்சுமி. எல்லோரும் நாடியில் கைவைத்துக்கொண்டார்கள்.

"வேலை செய்யாமல் விட்டால்தானே பிழை," என்றார் ஏரம்பு, தேத்தண்ணியை ஆற்றியபடி. "வேலையைச் சொன்னபடி செய்தால் ஆர் என்ன கேக்கிறது? மெய்யாய்ச் சொல்லுறன், நான் மட்டும் என்ரை வேலையைச் சரியாய்ச் செய்தனெண்டால் இந்த ஊர் தாங்காது."

பகிடியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். குணலட்சுமி அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"ஏரம்பண்ணை, திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்?"

திருப்பிச் சொல்லும்போதுதான் ஏரம்புவுக்கு விளங்கியது, தன்னுடைய தேத்தண்ணிகளுக்கெல்லாம் தானே கொள்ளி வைத்துவிட்டார் என்று.

திங்கட்கிழமை காலை அவர் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டார். தெருவில் தனியே நிற்கும் மாடு யாருடையதானாலும் பட்டிக்குப் போகும் என்று முற்றத்திலேயே முடிவெடுத்தாயிற்று. பட்டி நிறைந்தால் ஊர் பொறுப்பதிகாரியிடம்தான் போய் முறையிடும், அவர் இறங்கி வருவார் என்பது கணக்கு. முதல் மாடு பட்டிக்குள் போனால்தான் ஊர் நம்பும் என்றும் பேசியிருந்தார்கள். சந்தியில் தேநீர்க்கடை வாங்குப் பலகையில் தேவராசாவும் இன்னும் சிலரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஏரம்பு சைக்கிளை மதகில் சாத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார். தெரு நடுவில், பஸ்ஸுக்கு வழிவிடாமல், அசைபோட்டபடி ஒரு சிவத்த பசு நின்றது.

அது அவருடைய வீட்டுப் பசு சிவப்பி.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். விடிய ஏரம்பு படலையைத் தாண்டியதும், சின்னத்தங்கம் பாலைக் கறந்து, கன்றைக் கட்டிப்போட்டு, சிவப்பியை அவிழ்த்துத் தெருவில் விட்டுவிடுவாள். பட்டிக்காரனின் மாட்டை யார் பிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். ஊரெல்லாம் மாட்டைக் கட்டச் சொல்லித் திரிந்த மனிதருக்கு மட்டும் அது தெரியாது. தெரிந்தும் தெரியாமல் இருந்தார் என்று சொல்வோரும் உண்டு.

ஏரம்புவைக் கண்ட சிவப்பி வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே கிட்ட வந்தது. ஏரம்பு ஒருமுறை வாங்கில் இருந்தவர்களைப் பார்த்தார். தேவராசா அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரை நேரே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மாட்டை விட்டால் அவன் நாளைக்கே போய் விலகிவிடுவான். அவனைப் பார்த்து மற்றவர்களும் போவார்கள். அதன்பிறகு குணலட்சுமிக்காகக் கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"வா மோனை," என்று சொல்லி, சிவப்பியின் கழுத்தில் கயிற்றைப் போட்டார். சிவப்பிக்கு அது ஒன்றும் விளங்கவில்லை, சந்தோஷமாகப் பின்னால் நடந்தது.

மத்தியானத்துக்குள் நல்லம்மாவின் கறுப்பியும், இன்னும் ஒரு டசின் மாடுகளும் பட்டிக்குள் நின்றன. ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. மாட்டை மீட்கத் தண்டம் கட்ட வேண்டும். தண்டம் பெரிய காசில்லை. ஆனால் பட்டியில் மாட்டை மீட்டவள் என்ற பெயரை வாங்க அந்த ஊரில் எந்தப் பெண்ணும் தயாராக இல்லை. அதைவிட, தண்டம் கட்டி வாழ்ந்த வழக்கமே அங்கே கிடையாது. எல்லோரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: "பட்டிக்காரன்ரை பெண்சாதி முதலிலை கட்டட்டும். நாங்கள் பிறகு கட்டுறம்."

சின்னத்தங்கம் கட்டுவாளா? அவள் சீலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் செம்பு, மறு கையில் கன்றின் கயிறு. புருஷனை ஏறெடுத்தும் பார்க்காமல் பட்டிக்குள் நுழைந்து, கன்றை ஊட்டவிட்டு, பாலைக் கறந்து, புல்லைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். பட்டியில் கிடக்கும் மாட்டுக்குத் தீன் போடவும் பால் கறக்கவும் சொந்தக்காரர் பகலில் எப்போதும் வந்து போகலாம். அதை மறிக்க யாருக்கும் உரித்தில்லை. அவளைப் பார்த்து நல்லம்மாவும் செம்போடு வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். காலையும் மாலையும் பொறுப்பதிகாரியின் ஜன்னலுக்கு வெளியே பெண்களும் செம்புகளும் கன்றுகளுமாக ஒரே கலகலப்பு. இடைநேரத்தில் மாடுகள் கத்தும். எந்த நேரமும் சாணி மணம்.

வீட்டில் சின்னத்தங்கம் ஏரம்புவோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் கன்றிடம் சொன்னாள்.

"கண்டே, உன்ரை கொம்மாவைப் பிடிச்சு அடைச்ச பெரிய மனிசருக்குச் சோறு போட்டு மூடிக் கிடக்கு எண்டு சொல்லு."

ஏரம்பு கன்றுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். பகிடியாக இருந்தாலும் உள்ளுக்குள் அவருக்கு அழுகை வந்தது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் இப்படி இருந்ததில்லை. மகள் கல்யாணம் முடித்துப் போனபிறகு அந்த வீட்டில் கதைப்பதற்கு அவர்கள் இருவரும்தானே இருந்தார்கள். ஆனால் ஒன்றை அவர் கவனித்தார். அவள் தண்டம் கட்டாததால் ஊரில் ஒருவரும் கட்டவில்லை. அவள் கோபத்தில் செய்வது சங்கத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை அவளிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் அந்தக் கோபத்திலேயே போய்த் தண்டத்தைக் கட்டிவிடுவாள்.

புதன்கிழமை காலை மருந்தகத்து ஒழுங்கையில் குணலட்சுமி தன் வீட்டு வெள்ளாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏரம்புவைக் கண்டதும் கயிற்றைக் கழற்றினாள்.

"அண்ணை, இந்த ஆடு கட்டாக்காலி. பிடியுங்கோ."

"என்ன விசர்க் கதை பிள்ளை? நீ பக்கத்திலை நிக்கிறாய். இது எப்பிடிக் கட்டாக்காலி?"

குணலட்சுமி கொஞ்சத் தூரம் நடந்துபோய், முகத்தைத் திருப்பி, வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப?"

ஏரம்புவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஆட்டைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு பட்டிக்குக் கொண்டுபோனார்.

அன்று மத்தியானம் குணலட்சுமி ஒரு கட்டுக் கிளுவங்குழையோடு சபை வளவுக்குள் நடந்து வந்தாள். சிவசுப்பிரமணியம் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"பிள்ளை, நீர் உள்ளுக்கு வரப்படாது எண்டு சொன்னதெல்லோ?"

"நான் வேலைக்கு வரேல்லை, சேர். என்ரை ஆடு உள்ளுக்குக் கிடக்கு. குழை போட வந்தனான்."

பொறுப்பதிகாரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் பட்டிக்குள் போய் ஆட்டுக்குக் குழையை ஒவ்வொரு கொத்தாக நீட்டினாள். ஆடு சாவகாசமாகத் தின்றது. சாப்பாட்டு நேரம் என்பதால் ஊழியர்கள் பார்சல்களோடு வந்து பட்டி வேலியைச் சுற்றி நின்றார்கள்.

"அங்கை என்ன கூட்டம்?" என்று மறுபடியும் ஜன்னலால் குரல் வந்தது.

"ஆடு பாக்கிறம், சேர்," என்றான் தேவராசா. அவன் குரலில் பழைய கொழுப்பு திரும்பியிருந்தது. ஏரம்புவுக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அப்படித்தான் அந்த ஊர்ச் சங்கம், தடை செய்யப்பட்ட வளவுக்குள்ளேயே, ஒரு வெள்ளாட்டின் புண்ணியத்தில் கூட்டம் நடத்தியது. குணலட்சுமி ஆட்டைப் பார்த்தபடி பேசினாள். ஆடு தலையை ஆட்டிக் கேட்டது. அன்றைக்குச் செம்போடு நேரத்தோடே வந்துவிட்ட பெண்களும் நின்று கேட்டார்கள். கால் புண்ணானவரின் கதையை அவர்கள் அப்போதுதான் முழுதாக அறிந்தார்கள். தங்கள் வீட்டு வாய்க்காலை வெறுங்காலோடு இறங்கித் துப்பரவாக்குகிறவர் அவர் என்பது அதுவரை அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை. சின்னத்தங்கம் சிவப்பியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் கோபமா வேறு எதுவுமா என்று ஏரம்பு எட்டி எட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை விலகல் தவணை முடிகிற நாள். சிவசுப்பிரமணியம் நல்ல உறக்கம் இல்லாமல், பால் கலக்காத தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் தங்கியிருந்த வீட்டு மாடும் பட்டியில்தான் நின்றது, வீட்டுக்காரி அவருக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். ஒருவர் மாட்டை மீட்டால் எல்லோரும் மீட்பார்கள், அதோடு இந்தச் சந்தடி அடங்கும் என்று அவருக்கும் விளங்கியிருந்தது. அந்த ஒருவர் யார் என்பதும் தெரிந்திருந்தது. பின்னேரம் பால் கறக்க வந்த சின்னத்தங்கத்தை அவரே பட்டி வாசலுக்கு இறங்கி வந்து கூப்பிட்டார். பெண்கள் எல்லோரும் நின்றார்கள். வேலிக்கு வெளியே ஊழியர்கள். ஏரம்பு படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, உங்களுக்கு வீண் கரைச்சல்," என்றார் பொறுப்பதிகாரி, மரியாதையாகவே. "உங்கடை மாட்டை உங்கடை மனுசனே பிடிச்சு அடைச்சிருக்கிறார். உந்தச் சங்கத்தாலை வந்த வினை. நீங்கள் தண்டம் ஒண்டும் கட்ட வேண்டாம். இப்பவே மாட்டை அவிட்டுக்கொண்டு போங்கோ. அவரைச் சங்கத்தை விடச் சொல்லி ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, போதும்."

அவள் கயிற்றில் கை வைத்தால் எல்லாம் முடிந்தது. ஆட்டுக்கு நீட்டிய குழையோடு குணலட்சுமி அப்படியே நின்றாள்.

சின்னத்தங்கம் செம்பைக் கீழே வைத்தாள்.

"என்ரை மாடு தெருவிலை நிண்டது உண்மை, ஐயா. நான்தான் அவிட்டு விட்டனான். பிடிச்சவர் என்ரை மனுசன் எண்டது எனக்குக் கோபம்தான். ஆனால் பிடிச்சது பிழையெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாடு பிழை விட்டது, அடைச்சிருக்கு. இந்தப் பிள்ளை என்ன பிழை விட்டவள்? அதைச் சொல்லுங்கோ, நான் மாட்டை அவிட்டுக்கொண்டு போறன்."

"கூட்டம் கூடினவ. கூடாதெண்டு சொல்லியும் கூடினவ," என்றார் சிவசுப்பிரமணியம். பிறகு குரல் தாழ்ந்தது. "உங்களுக்குத் தெரியாதம்மா. கொழும்பிலை ஒரு கூட்டம் கூடினாப் பிறகு என்ன நடந்தது எண்டு கண்ணாலை கண்டவன் நான்."

அவர் அதைப்பற்றி ஊரில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. சின்னத்தங்கத்தின் முகம் இளகியது.

"தெரியும் ஐயா. கேள்விப்பட்டு நாங்கள் எல்லாரும் அழுதனாங்கள். அது வீடு கொளுத்த வந்த கூட்டம். இது காலுக்குச் சப்பாத்துக் கேட்ட கூட்டம். ரெண்டையும் ஒண்டாய்ப் பாத்தால், அந்த நாய்களுக்குக் குடுக்க வேண்டிய தண்டனையை எங்கடை பிள்ளைக்கெல்லே குடுக்கிறியள்?"

சிவசுப்பிரமணியம் அவளைப் பார்த்தார். பிறகு குணலட்சுமியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த குழையைப் பார்த்தார். வேலிக்கு வெளியே பார்சலும் கையுமாக நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர்களைக் கூட்டமாகப் பார்க்காமல் ஆட்களாக அவர் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பிற்காலத்தில் அவரே ஏரம்புவிடம் சொல்லியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"திங்கக்கிழமை மருந்தகத்தைத் திறவும், பிள்ளை," என்றார். இரண்டடி நடந்து திரும்பினார். "வெள்ளிக்கிழமை மரத்துக்குக் கீழை இருந்து சாப்பிடுறதெண்டால் சாப்பிடுங்கோ. சங்கத்தை விடச் சொல்லி இனி ஒருத்தரையும் கூப்பிடமாட்டன். சப்பாத்துக்கு நான் மேலிடத்துக்கு எழுதிப் பாக்கிறன். வருமோ வராதோ தெரியாது. இந்த மாடுகளை மட்டும் தயவு செய்து கொண்டு போங்கோ."

தேவராசா முதலில் கைதட்டினான். அந்தச் சத்தத்துக்குப் பொறுப்பதிகாரி ஒருதரம் திடுக்கிட்டது உண்மை. ஆனால் அவர் போய் ஜன்னலைச் சாத்தவில்லை. பெண்கள் தங்கள் தங்கள் மாட்டை அவிழ்த்தார்கள், கன்றுகள் தாய்மாரின் காலுக்குள் ஓடின. குணலட்சுமி ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நல்லம்மா அவளுடைய முதுகைத் தடவிவிட்டாள். சப்பாத்து வர எட்டு மாதம் சென்றது, அதுவும் எல்லாம் ஒரே அளவு. ஆனாலும் வந்தது.

ஏரம்புவும் சின்னத்தங்கமும் ஒழுங்கை வழியே வீட்டுக்கு நடந்தார்கள். முன்னால் சிவப்பி, அதன் பக்கத்தில் துள்ளிக்கொண்டு கன்று. தோட்டக்காரர் தண்ணி இறைத்துவிட்டுக் கால்முகம் கழுவிக்கொண்டிருந்த நேரம். ஏரம்பு சைக்கிளை உருட்டினார். அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவருடைய சங்கத்தில் உறுப்பினராகக்கூட இல்லாதவள் அதைக் காப்பாற்றிவிட்டாளே என்று நினைத்தபடி நடந்தார். கன்றிடம்தான் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்.

பாதி வழியில் அவள் நின்றாள்.

"இஞ்சேருங்கோ."

ஐந்து நாட்களுக்குப் பிறகு கேட்ட சொல். ஏரம்பு சைக்கிளோடு நின்றுவிட்டார்.

"அந்தப் பிள்ளையைத் திங்கக்கிழமை வேலைக்கு எடுப்பினம்தானே?"

"ஓம். எல்லாருக்கும் முன்னாலை சொன்னவர்தானே."

"எடுக்காட்டிச் சொல்லுங்கோ," என்றாள் சின்னத்தங்கம், சிவப்பியின் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு. "நானே உவள் சிவப்பியைத் திரும்பக் கொண்டுவந்து பட்டியிலை கட்டுறன்."